விளம்பரத்தின் முதல் பாதியில் என் மகள்

"மாவு தேச்சுக் குளிச்சப்புறம் நான் எங்கம்மா போயிட்டேன்?"

என் மகள் இதைக் கேட்டு ஆறு மாதம் ஆகப்போகிறது. கேட்டபோது அவளுக்கு ஏழு வயது முடிந்திருந்தது. நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "தள்ளி நில்லு, கத்தி இருக்குது" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கேள்வி புரிய வேண்டுமானால் அந்த விளம்பரத்தைச் சொல்ல வேண்டும். அரை நிமிடம்கூட ஓடாது. மூன்று சிறுமிகள் தெருவில் பாண்டி ஆடுகிறார்கள். நான்காவதாக ஒருத்தி சேர்ந்துகொள்ள வருகிறாள். எண்ணெய் வழியும் தலை, சாயம் போன கவுன், கறுத்த முகம். மற்ற மூவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுகிறார்கள். "ச்சீ, போடி" என்கிறாள் ஒருத்தி. இவள் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடுகிறாள். வாசலில் ஓர் அம்மா நலங்கு மாவுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். குளியலறைக் கதவு மூடுகிறது. கதவு திறக்கும்போது பட்டுப்பாவாடை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, பால் நிறத்தில் ஒரு சிறுமி வெளியே வருகிறாள். விளையாட்டில் சேர்க்காதவர்கள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். "இப்பதான் இவ நம்ம வீட்டு மகாலட்சுமி!" என்று ஓர் ஆண் குரல் முழங்குகிறது.

கதவுக்குள் போனவள் என் மகள். வெளியே வந்தவள் என் மூத்தாரின் மகள்.

மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். செங்கம் ரோட்டில், கிரிவலப் பாதையை ஒட்டி நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் ஒரே வீடு. அவர்களும் மாமியாரும் கீழே, நாங்கள் மாடியில். டிவி கீழே கூடத்தில். அவருடைய நலங்கு மாவு நல்ல மாவுதான். பச்சைப்பயறு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு எல்லாம் அவரே பார்த்து வாங்கி, காயவைத்து அரைக்கிறார். கடைக்கு வெள்ளைக்காரப் பெண்கள் வந்து இது எதற்கு என்று கேட்டால், "வேர்க்குரு போவும், தோலு நல்லா இருக்கும்" என்று சைகையில் காட்டுவார். நம் ஊர்ப் பெண்கள் கேட்டால், "கலர் வரும்" என்பார். மாவு ஒன்றுதான்.

இந்த விளம்பரத்தில் என் மகள் எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்பதில் என் பங்கு பாதிக்கு மேல். அதை மறைத்துவிட்டு டிவிக்காரர்களை மட்டும் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

எங்கள் வீட்டில் சின்ன மருமகள் மூத்தாரோடு முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் இல்லை. கல்யாணம் ஆகி வந்த மறுநாள் மாமியார் ஒரே ஒரு தடவை சொன்னார்: "மூத்தாரு எதுர்ல உக்காராத கண்ணு." நான் எம்.எஸ்சி. கணிதம் படித்தவள். கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு எடுத்து, என்னைவிட உயரமான பையன்களை அதட்டி உட்காரவைத்தவள். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு ஒன்பது வருடமாக அவர் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறேன். அவரும் அப்படித்தான், நான் இருக்கும் பக்கம் பார்க்க மாட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமானால் என் ஓரகத்தி வழியாக, அதாவது அவருடைய மனைவி வழியாகப் போகும், வரும்.

அன்றும் அப்படித்தான் வந்தது.

"நம்ம பாப்பாவும் டிவியில வரப்போறாடி," என்றார் ஓரகத்தி. "லோக்கல் கேபிள்ல போடறாங்களாம். தலைக்கு நல்லா எண்ணெ வெச்சு விடு. பவுடர் போடாத. இருக்கறதிலயே பழைய கவுனா பாத்துப் போடு."

"ஏங்க்கா பழசு?"

"யாருக்குத் தெரியும். ஏதோ சீனாம். கேமராக்காரரு சொன்னாராம்."

மூத்தார் அடுத்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார். பத்தடி தூரம். போய், "என்ன சீன் மாமா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. மூன்று பழைய கவுன்களை எடுத்து, அவற்றிலேயே மோசமானதைத் தேர்ந்தெடுத்தேன். எண்ணெயை வழிய வழிய வைத்தேன். மாவு விளம்பரம் என்பதால் இவளே குளித்துவிட்டு வந்து சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பட்டுப்பாவாடையை இஸ்திரி போட்டுப் பையில் எடுத்துக்கூட வைத்தேன்.

படம் பிடித்தது எங்கள் வீட்டு வாசலிலும் கொல்லையிலும். வெளியே ஆண்கள் இருந்ததால் நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் பாப்பா ஓரகத்தியோடு தண்ணீர் குடிக்க வந்தாள். முகத்தில் என்னவோ பூசியிருந்தார்கள். அவளுக்கு என் நிறம். அதற்கு மேல் இன்னொரு சுற்றுக் கறுப்பு.

"என்னாக்கா இது, முகமெல்லாம்?"

"லைட்டுக்காம். அப்பதான் கேமராவுல சரியா வருமாம்."

நம்பினேன். கொஞ்ச நேரத்தில் பாப்பா அழும் சத்தம் கேட்டது. நடிப்பு அழுகை இல்லை. தொண்டை அடைத்து மூச்சு வாங்கும் அழுகை. ஓடிப்போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "ச்சீ, போடி" என்று சொல்லச் சொல்லி மற்றப் பிள்ளைகளை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். இவளிடம் சொல்லவில்லை; இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "பாப்பா நெஜமாவே அழுவுது சார், இதுதான் வேணும், சூப்பர்!" என்றார் கேமராக்காரர். எல்லோரும் கை தட்டினார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று நானும் தட்டினேன். என் பெண் நன்றாகச் செய்துவிட்டாளாம்.

இஸ்திரி போட்ட பட்டுப்பாவாடை பையிலேயே திரும்பி வந்தது. "நேரம் ஆயிடுச்சாம், மீதிய அப்புறம் எடுக்கறாங்களாம்" என்று சொன்னார்கள். மீதியில் என் பெண் இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோ வந்தது. நான் செய்த அடுத்த முட்டாள்தனம் இது: முழுதாகப் பார்க்காமலே மகளுடைய வகுப்பு அம்மாக்கள் குழுவுக்கு அனுப்பினேன். "நம்ம வகுப்புக் குழந்தை டிவியில்! எல்லோரும் பார்த்து ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று எழுதி, கும்பிடும் கை வேறு போட்டேன். பிறகுதான் பார்த்தேன். முடிந்ததும் மறுபடி பார்த்தேன், ஏதோ விட்டுப்போய்விட்டது போல. அழிக்கலாம் என்று போனால் அதற்குள் ஏழெட்டு இதயங்கள் விழுந்திருந்தன. "குட்டி நடிகை!" "எக்ஸ்பிரஷன் செம்ம!" இப்போது அழித்தால் ஏன் அழித்தீர்கள் என்று கேட்பார்கள் என்று அப்படியே விட்டேன். அன்று சாயங்காலம்தான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

வகுப்பில் என்ன நடந்தது என்பதை ஒரு வாரம் கழித்து அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, எல்லாரும் எங்கிட்ட 'நீ இன்னும் குளிக்கலையாடி'ன்னு கேக்கறாங்கம்மா. காலையில கேட்டாங்க, லஞ்ச்லயும் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"குளிச்சுட்டேன்னு சொன்னேன். அப்ப ஏன் இப்படியே இருக்கன்னு கேட்டாங்க."

சிரிப்பு அங்கே நின்றுவிட்டது.

வீட்டுக்காரர் வெளியூர்க் கம்பெனியில் சூப்பர்வைசர். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் இதைச் சொன்னேன். அவர் காலுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"விளம்பரம்னா அப்படித்தான் இருக்கும். நீ என்ன இப்பதான் புதுசா பாக்கற மாதிரி பேசற?"

"அது நம்ம பொண்ணுங்க."

"மத்த விளம்பரத்துல வர்றதெல்லாம் யாரு பொண்ணு? அதுக்கெல்லாம் நீ எழுந்து போனியா?"

கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் அவர் கேட்டது சரிதான் என்பதில்தான் ஜாஸ்திக் கோபம். அந்த வாரம் முழுதும் கூடத்தில் உட்கார்ந்து, மாமியாரோடு சேர்ந்து, கவனித்துப் பார்த்தேன்.

ஒரு பெண்ணைப் பெண் பார்க்க வருகிறார்கள். கறுப்பு. மாப்பிள்ளையின் அம்மா உதட்டைச் சுழித்துக்கொண்டு எழுந்துவிடுகிறாள். கிரீம் வருகிறது. சில நாளில் அதே குடும்பம் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. துடைப்பத்தால் துரத்த வேண்டிய இடத்தில் இவள் காபித் தட்டோடு நாணிக்கொண்டு வருகிறாள். அடுத்து ஒரு சோப்புத்தூள். சட்டையில் கறை, வீட்டுக்காரர் முகம் சுருங்குகிறது, அதைப் பார்த்து அவள் ஏதோ கொலை செய்துவிட்டதைப் போல நடுங்குகிறாள். பிறகு ஒரு சென்ட். ஆண் அக்குளில் அடித்துக்கொள்கிறான். நாலு பெண்கள் நாய்க்குட்டிகள் போல மோப்பம் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறார்கள். சிமென்ட் விளம்பரத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்று எனக்கு விளங்கவே இல்லை. மொட்டை மாடியில் இடுப்புத் தெரிய, புடவை பறக்க நிற்கிறாள். வீடு உறுதியாக இருக்கிறதாம்.

காமெடி நிகழ்ச்சி இதைவிட மட்டம். ஓர் ஆண் புடவை கட்டி, மார்புக்குப் பலூன் வைத்துக்கொண்டு 'பொண்டாட்டி'யாக வருகிறான். அவனை அடிக்க அடிக்க அரங்கம் சிரிக்கிறது. பலூன் வெடிக்கிறது, இன்னும் சிரிக்கிறது. கேமரா பார்வையாளர் பக்கம் திரும்பினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பவர்களில் பாதிப் பேர் பெண்கள். நடுவராக உட்கார்ந்திருக்கும் நடிகையைப் பார்த்து, "மேடம், மேல ஏறி வந்துடாதீங்க, ஸ்டேஜு தாங்காது" என்கிறான். அந்த அம்மாவும் சிரித்தாக வேண்டும். சிரிக்காவிட்டால் தலைக்கனம் பிடித்தவள் என்பார்கள். கன்னத்தில் சிரிப்பும் கண்ணில் வேறொன்றும் இருந்ததை நான் பார்த்தேன். எனக்குத் தோன்றியதாகவும் இருக்கலாம்.

தொடரில் கதாநாயகியைக் கணவன் அறைந்தான். மூன்று பக்கமிருந்தும் காட்டினார்கள். மாமியார் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, "இன்னும் ஒண்ணு வெக்கணும் அவளுக்கு, வாய் ஜாஸ்தி" என்றார். அவர் யாரையும் அடித்தவர் இல்லை. என்னைக்கூடக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில், "கலர் கம்மிதான், ஆனா படிச்ச பொண்ணு" என்று எல்லோருக்கும் முன்னால் என்னை ஏற்றுக்கொண்டதும் அவர்தான். அந்த 'ஆனா'வுக்கு நான் ஒன்பது வருடமாக நன்றியோடு இருந்திருக்கிறேன்.

இதையெல்லாம் அதே சோபாவில் உட்கார்ந்து நானும் பார்த்தவள்தான். பலூன் காமெடிக்கு நானும் சிரித்திருக்கிறேன். மடியில் பாப்பா இருந்தாள். அம்மா எதற்குச் சிரிக்கிறாள் என்று என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள்.

விளம்பரம் வந்த பிறகு முதல் பௌர்ணமி. அன்றைக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் கடைக்குப் போய்விடுவோம். மத்தியானத்திலிருந்தே கூட்டம் நகர ஆரம்பித்துவிடும். கடைக்கு முன்னால் மேசை போட்டுப் பொட்டலம் விற்க ஆள் வேண்டும். மூத்தார் அன்று பெரிய திரை ஒன்றை வாடகைக்கு எடுத்து வாசலில் நிறுத்தியிருந்தார். விளம்பரம் திரும்பத் திரும்ப ஓடியது.

காலையிலேயே ஓரகத்தி மாடிக்கு வந்து, "பாப்பாவுக்கு அதே கவுன போட்டுக் கூட்டிட்டு வாடி, ஜனங்க அடையாளம் கண்டுக்கும்" என்றார். "அது கிழிஞ்சிடுச்சுக்கா" என்று பொய் சொல்லிவிட்டுப் புதுச் சுடிதார் போட்டுக் கூட்டிப்போனேன். அன்று நான் செய்த வீரச்செயல் அவ்வளவுதான்.

வெயில் தாழ்ந்த நேரம். வெறுங்காலோடு ஓர் அம்மா, அவர் கையைப் பிடித்துக்கொண்டு என் மகள் வயதில் ஒரு பெண். விழுப்புரம் பக்கம் என்றார். திரையைப் பார்த்தார், மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் மகளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"ஏங்க, டிவியில வர்றது இந்தப் பாப்பாதானே? இன்னும் அப்படியேதான இருக்குது?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஓரகத்தி பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். யார் என்னை முந்தச் சொன்னது என்று தெரியவில்லை.

"இப்பதாங்க ஆரம்பிச்சிருக்கோம். மூணு மாசம் விடாம தேய்க்கணும். அப்பதான் பலன் தெரியும்."

அந்த அம்மா இரண்டு பொட்டலம் வாங்கினார். தன் பெண்ணின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "பாத்துக்க, சோம்பேறித்தனம் பண்ணாம தேச்சுக்கணும்" என்றார். அந்தப் பெண்ணும் என் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அடுத்த ஆளுக்குப் பொட்டலம் எடுத்துக் கொடுத்தேன்.

அன்று நான் சொன்ன 'மூணு மாசம்' மகளுடைய காதில் விழுந்திருக்கிறது. அவள் நாள் எண்ணியிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குளிக்கப் போனவள் வெகுநேரமாகியும் வரவில்லை. தட்டினேன். "இரும்மா" என்றாள். தண்ணீர்ச் சத்தம் இல்லை. தேய்க்கிற சத்தம் மட்டும். கதவைத் தள்ளித் திறந்தேன். தரையெல்லாம் மாவு, சேறு போல. பாத்திரம் தேய்க்க வைத்திருந்த பீர்க்கங்காய் நாரைக் கையில் வைத்திருந்தாள். கழுத்து, முழங்கை, முட்டி எல்லாம் சிவந்து, முழங்கையில் ரத்தம் பொடித்திருந்தது. அழவில்லை. கணக்குப் போடும்போது விடை வராவிட்டால் இருக்குமே, அந்த முகம்.

"தேச்சுட்டே இருக்கேம்மா. வரவே மாட்டேங்குது."

"என்ன வரல?"

"அந்தப் பொண்ணு."

அவளைத் துவட்டித் தேங்காய் எண்ணெய் தடவினேன். எரிகிறது என்றாள். ஊதினேன். பிறகு அவளைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, நனைந்த புடவையோடு கீழே இறங்கினேன். மூத்தார் கூடத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சமையலறைப் பக்கம் திரும்பாமல் நேராகப் போய் அவர் எதிரில் நின்றேன்.

"மாமா, அந்த விளம்பரத்த நிறுத்திடுங்க."

பத்தாம் வகுப்புப் பையன்களை அதட்டிய குரல் எங்கே போயிற்றோ, கீச்சென்று வந்தது. மாமியார் கையில் எடுத்த இட்லியை அப்படியே வைத்துவிட்டார். ஓரகத்தி, "என்னா நீ, எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்று என் கையைப் பிடித்தார். மூத்தார் அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"என்னாவாம்?"

நான் அவர் எதிரிலேயே நிற்கிறேன். என் வாயிலிருந்து வந்த சொல் அவர் மனைவியைச் சுற்றிக்கொண்டுதான் அவருக்குப் போக வேண்டும்.

"பாப்பா தேச்சு தேச்சு உடம்ப புண்ணாக்கிட்டிருக்கா மாமா. ரத்தம் வருது."

அவர் பாதியில் எழுந்தார். கையைக் கழுவிவிட்டு விறுவிறுவென்று மாடிக்கு ஏறினார். என் மகள் என்றால் அவருக்கு உயிர். அதையும் சொல்லத்தான் வேண்டும். முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொல்லையிலிருந்து கற்றாழை ஒடித்துவந்து தானே தடவினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"எவன் சொன்னது எங்கண்ணு கறுப்புன்னு? பேர சொல்லு, ஸ்கூலுக்கே வந்து ஒதைக்கறேன்."

"நீங்கதான் மாமா" என்பது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அவருடைய கண்ணீரைப் பார்த்ததும் என் கோபத்துக்கு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா? சொல்லியிருந்தால் புரிந்திருக்குமா? அவருக்கு எதிரில் நின்றதே அதிகம் என்று தோன்றியது.

நிறுத்திவிடுவதாக மனைவியிடம் சொல்லி, அன்றைக்கே விளம்பரத்தை நிறுத்தினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். இரண்டு நாள் நான் கொஞ்சம் மூச்சு விட்டேன். மூன்றாம் நாள் ஓரகத்தி பலகாரத் தட்டோடு மாடிக்கு வந்தார்.

"மாமா யோசிச்சு யோசிச்சு ஒரு முடிவு பண்ணிட்டாரு. புதுசா எடுக்கப் போறாராம். இந்த தடவ நம்ம பாப்பாவே உள்ள போயி நம்ம பாப்பாவே வெளிய வரப்போறா. கம்ப்யூட்டர்ல கலர ஏத்திடுவாங்களாம், எம் பொண்ண விட ஜாஸ்தியா. இப்ப திருப்தியாடி?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பா கட்டிலிலிருந்து குதித்தாள். "நானா பெரியம்மா? நானேவா?"

"நீயேதாண்டி என் ராசாத்தி. இன்னொண்ணு," என்று என் பக்கம் திரும்பினார். "அம்மாவா நடிக்க போன தடவ வந்த பார்லர்காரங்க வேணாமாம். பெத்த அம்மாவே பொட்டலத்த குடுத்தா ஜனம் நம்பும்னு சொல்றாரு. நீதான் நடிக்கணும். ஒரே ஒரு டயலாக். 'இப்பதான் எம் பொண்ணு அழகு.' அவ்ளோதான்."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எரிச்சலோடு கேட்டார்: "நீ கேட்டதத்தானே அண்ணன் செஞ்சிருக்காரு? விளம்பரத்த நிறுத்தினாரு. உம் பொண்ண அழகா காட்டறேங்கறாரு. இன்னும் உனக்கு என்னதான் வேணும்?"

எனக்கு என்ன வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வரவில்லை. அவள் அழகாகத்தான் இருக்கிறாள், அவளை யாரும் அழகாகக் காட்ட வேண்டாம் என்றேன். "அத விளம்பரத்துல சொன்னா மாவு எப்படி விக்கும்?" என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டார். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை.

பாப்பா பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். குளியலறைக் கதவைத் திறந்து, துண்டைப் பட்டுப்பாவாடை போல இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வருவதற்குத் தினமும் பழகுகிறாள். முழங்கைப் புண் ஆறிவிட்டது. ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் பாடுவதைக் கேட்கிறேன். "அம்மா, நீ அந்த டயலாக்க சொல்லிப் பாத்தியா? சொல்லு, நான் கேக்கறேன்" என்று நேற்றுக் காலை என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஓடிவிட்டேன்.

வளர்பிறை வெள்ளிக்கிழமை பார்த்து நாள் குறித்திருக்கிறார்கள். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நான் மாட்டேன் என்றால், மூத்தார் வருத்தப்படுவார், அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அம்மாவுக்கே நான் லாயக்கில்லை என்று தோன்றிவிட்டது என்று என் பெண் நினைப்பாள். எங்கள் இடத்துக்கு வேறு யாராவது ஓர் அம்மாவும் ஒரு கறுத்த பெண்ணும் கிடைப்பார்கள்; திருவண்ணாமலையில் அதற்குப் பஞ்சம் இல்லை. சரி என்றால், என் கையால் பொட்டலத்தைக் கொடுத்து, என் வாயால் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அதை அவள் வளர்ந்து பெரியவளான பிறகும் பார்ப்பாள்.

இதைப் படிக்கிறவர்களில் பெண் பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள். டிவியை அணைத்து வை என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அணைத்துப் பார்த்துவிட்டேன், பக்கத்து வீட்டு டிவி எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று வந்து, மூத்தவர்கள் மனம் நோகாமலோ நோகடித்தோ நீங்கள் மறுத்திருந்தால், என்ன வார்த்தை சொல்லி மறுத்தீர்கள் என்று எழுதுங்கள். ஆசையாகக் காத்திருக்கும் ஓர் எட்டு வயதுப் பெண்ணிடம் அதை எப்படிச் சொன்னீர்கள், அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்பதையும் எழுதுங்கள். மறுக்காமல் நடித்துவிட்டு வந்தவர்கள் இருந்தால் அவர்களும் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எழுதினால் நல்லது.